ஆஸ்திரேலியாவின் கம்பளி ஆடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெரினோ ஆட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் கூடவே ஆஸ்திரேலியாவும் வந்துவிடும். ஆனால் அந்த ஆடு அந்த மண்ணுக்குச் சொந்தமானதல்ல. வெளியிலிருந்து வந்த ஓர் ஆட்டை, வறண்ட, பரந்த ஒரு நிலத்துக்கு ஏற்றபடி ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் மாற்றி எடுத்தார்கள். அதை எப்படிச் செய்தார்கள், எங்கே சறுக்கினார்கள், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆடு வளர்ப்பவர்களும் கால்நடை அறிவியல் படிப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் முன்பு ஆடே கிடையாதா?

கிடையாது. ஆடு, மாடு, குதிரை என்று குளம்புள்ள விலங்கு எதுவுமே அங்கே இயற்கையாக இல்லை. 1788-ல் பிரிட்டிஷ்காரர்கள் கைதிகளை ஏற்றிக்கொண்டு சிட்னியில் வந்து இறங்கியபோது, வழியில் நன்னம்பிக்கை முனையில் வாங்கிய கொழுத்த வால் செம்மறிகளைக் கொண்டுவந்தார்கள். அவை கறிக்காக வந்தவை. ரோமம் முரடு, நெசவுக்கு உதவாது. பல ஆடுகள் செத்தன, மிச்சம் சமையலுக்குப் போயின. 1790-களின் தொடக்கத்தில் வங்காளத்திலிருந்தும் ஆடுகள் வந்தன. அவையும் கறிக்குத்தான். ஆனால் அந்த வங்காள ஆடுகளின் கதை அங்கே முடியவில்லை. கீழே அதற்கென்று ஒரு கேள்வி இருக்கிறது.

கம்பளிக்கான ஆடு வந்தது 1797-ல். ஹென்றி வாட்டர்ஹவுஸ், வில்லியம் கென்ட் என்ற இரண்டு கப்பல் தலைவர்கள் நன்னம்பிக்கை முனையில் 26 மெரினோக்களை வாங்கினார்கள். ஸ்பெயின் அரச மந்தையிலிருந்து டச்சுக்காரர்கள் கைக்கு வந்து, அங்கே கர்னல் ராபர்ட் கார்டன் வளர்த்த ஆடுகள் அவை. 1795-ல் கார்டன் இறந்துவிட, அவர் மனைவி மந்தையை விற்றார். கடல் பயணத்தில் பல செத்துப்போய், பிழைத்தவை சிட்னியில் சில பண்ணைக்காரர்கள் கைக்குப் போயின.

மெரினோ ரோமத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

இழை மெல்லியதாக இருப்பதால். கம்பளி இழையின் தடிமனை மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளக்கிறார்கள். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் அதிகம் கலந்திருந்தால் தோலில் குத்தும்; அதுதான் நம் ஊர் முரட்டுக் கம்பளி உடம்பில் அரிப்பதற்குக் காரணம். மெரினோவில் பெரும்பாலானவை 17 முதல் 23 மைக்ரான் வரை இருக்கும். 18.5-க்குக் கீழே போனால் அதிமென்மை ரகம். விலையும் அதற்கேற்ப ஏறும்.

தோலைப் பார்த்தால் காரணம் புரியும். ஆட்டின் தோலில் ரோமக்குழிகள் இரண்டு வகை: முதலில் உருவாகும் பெரிய குழிகள், அவற்றைச் சுற்றிப் பின்னால் உருவாகும் சிறிய குழிகள். மெரினோவில் ஒரு பெரிய குழிக்கு ஏறக்குறைய 20 சிறிய குழிகள் இருக்கும். மற்ற இனங்கள் பலவற்றில் 5 அல்லது 6-தான். நெருக்கமாக முளைப்பதால் இழை மெலிகிறது. சிறிய குழிகள் பல, குட்டி தாயின் வயிற்றில் இருக்கும் கடைசி மாதங்களிலேயே உருவாகிவிடுகின்றன. அதனால் சினை ஆட்டுக்குத் தீவனம் குறைந்தால் பிறக்கும் குட்டியின் ரோமம் ஆயுளுக்கும் குறையும். கம்பளிக்காக ஆடு வளர்ப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

ஜான் மகார்தர்தான் ஆஸ்திரேலியக் கம்பளியின் தந்தை என்கிறார்களே?

பாதி உண்மை. மகார்தர் திறமைசாலி, சண்டைக்காரர். 1801-ல் தன் மேலதிகாரியோடு துப்பாக்கிச் சண்டை போட்டதற்காக விசாரணைக்கு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். போகும்போது ரோம மாதிரிகளையும் கையோடு கொண்டுபோனார். இங்கிலாந்து ஆலைகள் அப்போது ஸ்பெயினையும் ஜெர்மனியையும் நம்பியிருந்தன. போர்க்காலத்தில் அந்த வரத்துக்கு உத்தரவாதம் இல்லை. பேரரசுக்குள்ளேயே மெல்லிய கம்பளி விளையும் என்று அவர் சொன்னது எடுபட்டது. 1804-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மெரினோ மந்தை ஏலத்தில் ஆடுகளை வாங்கி, 5,000 ஏக்கர் நிலத்துக்கான அனுமதியோடு 1805-ல் திரும்பினார்.

அப்புறம் 1808-ல் ஆளுநர் வில்லியம் பிளையைக் கவிழ்த்த கலகத்தில் மாட்டிக்கொண்டார். 1809 முதல் 1817 வரை நாடு திரும்ப முடியவில்லை. அந்த எட்டு ஆண்டுகளும் மந்தையைப் பார்த்து, கிடா தேர்ந்து, ரோமத்தை அனுப்பி, கணக்கு வைத்தவர் அவர் மனைவி எலிசபெத் மகார்தர். பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டனும் அதே காலத்தில் தனியாக இனவிருத்தி செய்தார். தன் ஆட்டு ரோமத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் அதிலேயே உடை தைத்துக் காட்டி, மன்னரிடமிருந்து மெரினோக்களைப் பரிசாகப் பெற்றார். இத்தனை பேர் வேலை செய்த ஒன்றுக்கு ஒரே தந்தையைத் தேடுவது சரியல்ல என்பது என் எண்ணம். தேடித்தான் ஆக வேண்டும் என்றால் எலிசபெத்தின் பெயரை முதலில் சொல்வேன்.

அவ்வளவு மேய்ச்சல் நிலம் எங்கிருந்து கிடைத்தது?

பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் கம்பளியின் கதையைச் சொல்ல முடியாது.

1813-ல் நீல மலைகளைத் தாண்டும் வழி தெரிந்தது. 1815-ல் பாத்தர்ஸ்ட் வரை சாலை போட்டார்கள். அந்தப் பக்கம் விரிந்த புல்வெளிகள் சும்மா கிடந்த நிலமல்ல. விராஜூரி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீ வைத்துப் புல்லைப் புதுப்பித்து, கங்காருவை வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்ந்த இடம். ஆடுகள் வந்ததும் கிழங்குச் செடிகள் மேயப்பட்டன, நீர்நிலைகள் மிதிபட்டுச் சேறாயின, வேட்டை விலங்குகள் விலகிப் போயின. மக்கள் எதிர்த்தார்கள். 1824-ல் பாத்தர்ஸ்ட் பகுதியில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. 1838-ல் மயால் க்ரீக்கில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாகக் குறைந்தது 28 பழங்குடி மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்காகக் கொன்றவர்களில் 7 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். தண்டனை வரை போனது மிக அபூர்வம். எத்தனையோ படுகொலைகள் வழக்காகக்கூட ஆகவில்லை.

அரசு அனுமதித்த எல்லையைத் தாண்டிப் போய் மந்தையை ஓட்டி நிலம் பிடித்தவர்களை ஸ்குவாட்டர் என்றார்கள். தடுக்க முடியாமல் 1836-ல் ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணத்தில் அரசு அவர்களை ஏற்றுக்கொண்டது. 10 பவுண்டுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர். நிலத்துக்கு உரியவர்களுக்கு ஒன்றும் இல்லை.

ஆரம்பத்தில் ஆடு மேய்த்தவர்கள் யார்?

பெரும்பாலும் கைதிகள். ஒரு மேய்ப்பருக்குச் சில நூறு முதல் ஆயிரம் ஆடுகள் வரை. பகலில் மேய்ச்சல்; இரவில் மரத்தட்டிகளால் பட்டி கட்டி அடைப்பு. தட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைப்பார்கள், நம் ஊரில் கிடை போடுவதுபோல. டிங்கோ நாய்களிடமிருந்து காக்க இன்னொருவர் குடிசையில் காவல். மாதக்கணக்கில் வேறு மனித முகமே பார்க்காத வாழ்க்கை.

1851-ல் தங்கம் கிடைத்தது. மேய்ப்பர்கள் மந்தையை விட்டுவிட்டு ஓடினார்கள். கூலி ஏறியது. வேறு வழியில்லாமல் பண்ணைக்காரர்கள் கம்பிவேலி போடத் தொடங்கினார்கள். அதில் எதிர்பாராத நன்மை ஒன்று: இரவு பகலாக வேலிக்குள் தானாக மேய்ந்த ஆடுகள் நடையும் நெருக்கடியும் குறைந்து நன்றாக வளர்ந்தன, எந்தக் கிடா எந்தப் பெட்டை ஆடுகளோடு சேர்கிறது என்பதையும் கட்டுப்படுத்த முடிந்தது. திட்டமிட்ட இனவிருத்திக்கு வேலிதான் வழி திறந்தது.

எலிசா ஃபோர்லாங் என்ற பெயர் ஏன் அடிக்கடி வருகிறது?

1765-ல் ஸ்பெயினிலிருந்து மெரினோக்களைப் பெற்ற ஜெர்மனியின் சாக்சனி அரசு, அவற்றை இன்னும் மெல்லிய ரோமத்துக்காகத் தேர்ந்து வளர்த்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எலிசா, காசநோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். மிஞ்சிய மகன்களை நல்ல வெயிலுள்ள நாட்டுக்குக் கூட்டிப்போக விரும்பினார். 1820-களின் கடைசியில் சாக்சனிக்குப் போய், பண்ணை பண்ணையாக நடந்து, ஒவ்வோர் ஆட்டையும் தன் கண்ணால் பார்த்து வாங்கினார். மந்தையை ஹாம்பர்க் துறைமுகம்வரை ஓட்டி வந்து கப்பலேற்றினார்கள். அந்த ஆடுகள் தாஸ்மேனியாவில் இறங்கின.

தாஸ்மேனியாவிலும், பிரதான நிலத்தின் குளிர்ந்த மேட்டுப் பகுதிகளிலும் இன்று கிடைக்கும் அதிமென்மைக் கம்பளியின் அடித்தளம் இந்தச் சாக்சன் வழி ஆடுகள்தான். 1850 வாக்கில் பிரிட்டனுக்கு ஜெர்மனியைவிட அதிகக் கம்பளி ஆஸ்திரேலியாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

அப்படியானால் பெப்பின் மெரினோ என்பது என்ன?

என்னைக் கேட்டால் மொத்தக் கதையின் நடு இதுதான். சாக்சன் ஆடு சிறியது, நோஞ்சான். குளிர்ந்த பசுமையான இடத்தில் அழகாக வாழும். உள்நாட்டுச் சமவெளியின் வெயிலிலும் புழுதியிலும் தாங்காது. ஆனால் நிலம் பெரும்பாலும் அப்படிப்பட்ட வறண்ட சமவெளிதான்.

ஜார்ஜ் ஹால் பெப்பினும் அவர் இரண்டு மகன்களும் 1858-ல் நியூ சவுத் வேல்ஸின் டெனிலிக்வின் அருகே வங்கனெல்லா பண்ணையை வாங்கி, 1861-ல் பொலிகிடா (இனவிருத்திக்கான கிடா) மந்தையைத் தொடங்கினார்கள். அவர்கள் தேடியது பெரிய உடல், நீண்ட கால், தண்ணீருக்கு வெகுதூரம் நடக்கும் வலு, கொஞ்சம் தடித்தாலும் நீளமான இழை. பிரான்சின் ரம்பூயே என்ற மெரினோ வழிக் கிடாக்களைச் சேர்த்தார்கள்; எம்பரர் என்ற ஒரு கிடாவின் வாரிசுகள் மந்தையெங்கும் பரவின. ரோமத்தில் கொழுப்புப் பிசுபிசுப்பு போதிய அளவு இருக்கும்படியும் தேர்ந்தார்கள், புழுதி உள்ளே இறங்காமல் காக்க.

1878-ல் பெப்பின்கள் பண்ணையை விற்றுவிட்டார்கள். ஆனால் இன்று ஆஸ்திரேலிய மெரினோக்களில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இவர்கள் மந்தையின் வழி உண்டு. உலகிலேயே மெல்லிய இழையைத் துரத்தாமல், தங்கள் நிலத்தில் பிழைத்து நிறையக் கம்பளி தரும் ஆட்டைத் துரத்தினார்கள். அதனால்தான் அந்த இனம் நிலைத்தது.

தோல் சுருக்கம் அதிகம் இருந்தால் ரோமமும் அதிகம் கிடைக்குமா?

1880-களில் பலர் அப்படித்தான் நம்பினார்கள். தோல் மடிப்பு மடிப்பாக இருந்தால் பரப்பு கூடும், பரப்பு கூடினால் ரோமம் கூடும் என்பது கணக்கு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து மடிப்புகள் நிறைந்த மெரினோக் கிடாக்களைப் பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள். கத்தரித்த ரோமம் எடையில் கூடியது. ஆனால் அதில் பெரும்பகுதி கொழுப்பு, கழுவினால் போய்விடும். மடிப்புக்குள் இழை சீராக இல்லை. கத்தரிப்பவர்களுக்குத் தோலை வெட்டாமல் கத்தரிப்பதே பாடாக இருந்தது. மடிப்பில் ஈரம் தங்கி, ஈ முட்டையிட்டு, புழு வைத்தது. 1895-லிருந்து ஏழெட்டு ஆண்டுகள் நீடித்த பெரும் வறட்சி வந்தபோது, 10 கோடியைத் தாண்டியிருந்த நாட்டின் மொத்த ஆடுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வெர்மான்ட் மோகமும் அதன் பிறகு அடங்கியது. தோலில் அது விட்டுப்போன சுவடு மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மியூல்சிங் என்று ஒரு சர்ச்சை இருக்கிறதே, அது என்ன?

மேலே சொன்ன மடிப்போடு தொடர்புடையதுதான். மெரினோவின் பின்புறத்தில், வாலைச் சுற்றி, மூத்திரமும் சாணமும் ரோமத்தில் ஒட்டும். அங்கே ஈ முட்டையிட்டால் புழுக்கள் சதையைத் தின்று சில நாட்களில் ஆட்டைக் கொன்றுவிடும். 1929 வாக்கில் தெற்கு ஆஸ்திரேலியப் பண்ணைக்காரர் ஜான் மியூல்ஸ் என்பவர் அந்தப் பகுதித் தோலை வெட்டி எடுத்தால் வழுவழுப்பான தழும்பு உண்டாகி, புழு வைப்பது குறைகிறது என்று கண்டார். அது பரவிவிட்டது. குட்டிகளுக்குக் கடும் வலி. நியூசிலாந்து 2018-ல் தடை செய்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் வலிநிவாரணி பயன்பாடு பெருகியிருந்தாலும் முழுத் தடை இல்லை. பெரிய துணி நிறுவனங்கள் பல, மியூல்சிங் செய்யாத கம்பளிதான் வேண்டும் என்று கேட்கின்றன.

நிலையான தீர்வு இனவிருத்தியில்தான் இருக்கிறது: பின்புறம் மடிப்பில்லாத, ரோமம் குறைந்த கிடாக்களைத் தேர்வது. பல பண்ணைகள் அப்படி மாறிவிட்டன. மடிப்பை மனிதன்தான் ஊக்குவித்தான். அதற்கான விலையைக் குட்டி கொடுக்கக் கூடாது.

ரோமம் கத்தரிப்பது எப்படி நடக்கிறது?

ஆண்டுக்கு ஒரு முறை. ஓர் ஆட்டிலிருந்து சுமார் 4, 5 கிலோ. கத்தரிப்பவர்கள் குழுவாகப் பண்ணை பண்ணையாகப் போவார்கள், எண்ணிக்கைக்குக் கூலி. முன்பு கைக்கத்தரி. ஃபிரெடெரிக் வூல்ஸ்லி உருவாக்கிய இயந்திரக் கத்தரியால் 1888-ல் டார்லிங் ஆற்றங்கரை டன்லப் பண்ணையில் முழு மந்தையையும் கத்தரித்தார்கள். கைக்கத்தரியின் பெருமையைச் சொல்ல ஒரு பெயர் போதும்: ஜாக்கி ஹோ, 1892-ல் குயின்ஸ்லாந்தில் 7 மணி 40 நிமிடத்தில் 321 ஆடுகளைக் கத்தரித்தார். இயந்திரத்தால்கூட அதை 1950-ல்தான் முந்த முடிந்தது. 1891-ல் கத்தரிப்பவர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் அந்நாட்டுத் தொழிற்கட்சி பிறந்த வரலாற்றில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

வங்காள ஆட்டின் கதை என்ன?

மெரினோ பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். ஆனால் நியூ சவுத் வேல்ஸின் குமா அருகே பூருலா என்ற பண்ணையில் மூன்று, நான்கு குட்டிகள் போடும் மெரினோக்கள் இருந்தன; பண்ணைக்காரச் சகோதரர்கள் அவற்றைத் தேடித் தேர்ந்து வளர்த்தார்கள். 1950-களின் கடைசியில் ஆஸ்திரேலிய அரசின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனம் அந்த ஆடுகளைப் பெற்று ஆராய்ந்தது. ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. 2001-ல் அந்த மரபணு மாற்றத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம் சுந்தரவனப் பகுதியின் சின்னஞ்சிறு கரோல் ஆடுகளிலும் இருந்தது. 200 ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவிலிருந்து கறிக்காகக் கப்பலேறிய ஆடுகள் இந்த வரத்தை மெரினோவுக்குக் கொடுத்திருக்கின்றன.

மகாராஷ்டிரத்தின் பல்டணில் உள்ள நாரி என்ற வேளாண் ஆய்வு நிறுவனம் இதே மரபணுவைத் தக்காணி ஆடுகளில் சேர்த்து, இரட்டைக் குட்டிகள் ஈனும் மந்தையை உருவாக்கியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கண்ணால் பார்த்துத் தேர்வது போதாதா? எதற்கு அளவீடு?

மேலோட்டமான குணங்களுக்குக் கண் போதும். ஆனால் கழுவிய பின் நிற்கும் எடை, இழைத் தடிமன், குட்டி ஈனும் திறன் இவற்றைக் கண் தவறாகவே மதிப்பிடும். வெர்மான்ட் கிடாக்கள் அதற்குச் சாட்சி. சிஎஸ்ஐஆர்ஓவின் ஹெலன் நியூட்டன் டர்னர் கட்டிடக்கலை படித்துவிட்டு அலுவலக வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் புள்ளியியலுக்கு வந்தவர். அளந்து தேர்ந்தால் மந்தை எவ்வளவு வேகமாக முன்னேறும் என்பதைக் கணக்காகக் காட்டினார். பூருலா ஆடுகள் ஆய்வுக்கு வந்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பழைய பொலிகிடா பண்ணைக்காரர்கள் நெடுநாள் எதிர்த்தார்கள். இன்று ஒவ்வொரு கிடாவுக்கும் மரபுத்திறன் மதிப்பெண் பார்த்துத்தான் பலர் வாங்குகிறார்கள்.

1991-ல் கம்பளிச் சந்தை ஏன் சரிந்தது?

கொரியப் போர்க்காலத்தில், 1950-51-ல், ஒரு பவுண்டு எடைக் கம்பளிக்கு ஒரு பவுண்டு காசு என்னும் அளவுக்கு விலை ஏறியது. பிறகு செயற்கை இழைகள் வந்து விலையை அமுக்கின. பண்ணையாளரைக் காக்க அரசு அமைப்பு ஒன்று அடிப்படை விலை நிர்ணயித்தது. ஏலத்தில் அந்த விலை வராவிட்டால் அமைப்பே வாங்கிக்கொள்ளும். பல ஆண்டுகள் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் 1980-களின் கடைசியில் அந்த விலையைக் கிலோவுக்கு 870 சென்ட் வரை ஏற்றிவிட்டார்கள். பண்ணைகள் ஆடுகளைப் பெருக்கின. அதே நேரத்தில் சோவியத் ஒன்றியமும் சீனாவும் வாங்குவதைக் குறைத்தன. 1990-ல் 700 சென்ட்டாகக் குறைத்தும் தேறவில்லை. 1991 பிப்ரவரியில் திட்டத்தையே நிறுத்தினார்கள். கிடங்குகளில் 40 லட்சத்துக்கும் அதிகமான பொதிகள். அவற்றை விற்று முடிக்க 2001 ஆகிவிட்டது. விற்க வழியில்லாத ஆடுகளைப் பண்ணைக்காரர்கள் தாங்களே குழி வெட்டிச் சுட்டுப் புதைத்தார்கள். கோடிக்கும் மேற்பட்ட ஆடுகள் அப்படிப் போயின.

இப்போது நிலைமை எப்படி?

1970-ல் 18 கோடி ஆடுகள். இப்போது 7 கோடி அளவில். உடைக்கான மெல்லிய கம்பளியில் இன்றும் ஆஸ்திரேலியாதான் முதலிடம். பெரும்பகுதியை வாங்குவது சீனா. ஆட்டிறைச்சிக்கு நல்ல விலை கிடைப்பதால் பலர் மெரினோப் பெட்டைகளைக் கறி இனக் கிடாக்களோடு சேர்க்கிறார்கள், அல்லது ரோமமே கத்தரிக்கத் தேவையில்லாத இனங்களுக்கு மாறுகிறார்கள். கத்தரிக்க ஆள் கிடைப்பதும் சிரமம். உயிருள்ள செம்மறிகளைக் கப்பலில் ஏற்றுமதி செய்வதை 2028 மே 1 முதல் நிறுத்த 2024-ல் சட்டம் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் மெரினோ வளர்க்கலாமா?

சமவெளியில் வேண்டாம். நம் மேச்சேரி, சென்னைச் சிவப்பு ஆடுகளுக்குக் கம்பளி இல்லாமல் முடி மட்டும் இருப்பது நம் வெயிலுக்கு ஏற்ற அமைப்பு. நீலகிரியில் மட்டும் கதை வேறு. 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் கோயம்புத்தூர் ஆடுகளோடு தாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து உருவானதுதான் நீலகிரி ஆடு. மெரினோ அளவுக்கு இல்லாவிட்டாலும் ரோமம் மென்மையானது. மலையின் குளிரையும் மழையையும் தாங்கும். குடற்புழுவை எதிர்ப்பதிலும் மெரினோவைவிடக் கெட்டி. எண்ணிக்கைதான் கவலைப்படும் அளவுக்குக் குறைந்துவிட்டது. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி இன ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைப் பராமரிக்கிறது. மலைப்பகுதியில் கம்பளி ஆடு வளர்க்க விரும்பினால் வெளிநாட்டுக் கிடாவைத் தேடும் முன் அங்கே போய் நீலகிரி ஆட்டைப் பாருங்கள்.